தாங்கல் பரிமாற்று வணிக நிதியம்

தாங்கல் பரிமாற்று வணிக நிதியம் என்பது, பங்குச் சந்தை வீழ்ச்சியடையும்போது ஏற்படும் இழப்பின் ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தான் தாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சந்தை உயரும்போது கிடைக்கும் ஆதாயத்திற்கு ஓர் உச்சவரம்பு விதிக்கும் முதலீட்டு நிதியம் ஆகும். இவ்வகை நிதியங்கள் 2018-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமாயின. ஏனைய பரிமாற்று வணிக நிதியங்களைப் போலவே, இவற்றின் அலகுகளையும் சந்தை நேரத்தில் பங்குகளைப் போல வாங்கவும் விற்கவும் இயலும். ஆயினும், இவை நேரடியாகப் பங்குகளை வைத்திருப்பதில்லை. ஒரு பங்குச் சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்ட விருப்ப ஒப்பந்தங்களையே (ஆப்ஷன்கள்) இவை வைத்திருக்கின்றன.

இந்நிதியங்கள் தரும் பாதுகாப்பு இலவசமானதன்று. முதலீட்டாளர் அதற்கான விலையைப் பணமாகக் கொடுக்காமல், சந்தை பெரிதும் உயரும் ஆண்டுகளில் தமக்கு வரவேண்டிய ஆதாயத்தை விட்டுக்கொடுப்பதன் மூலம் செலுத்துகிறார்.

## அடிப்படைச் சொற்கள்

* விளைவுக் காலம்: தாங்கலும் உச்சவரம்பும் செல்லுபடியாகும் காலம். பெரும்பாலும் இது ஓராண்டு ஆகும். மூன்று மாதம், இரண்டு ஆண்டு முதலான கால அளவுகளும் உண்டு.
* தாங்கல்: விளைவுக் காலத்தின் இறுதியில் சுட்டெண் இறங்கியிருந்தால், அவ்விறக்கத்தில் முதலீட்டாளரைச் சேராத பகுதி. எடுத்துக்காட்டாக, தாங்கல் 15% எனில் முதல் 15% இறக்கம் முதலீட்டாளரைச் சேராது. அதற்கு மேற்பட்ட இறக்கம் முழுவதும் அவரையே சேரும்.
* உச்சவரம்பு: விளைவுக் காலத்தில் முதலீட்டாளர் பெறக்கூடிய மிகுதியான ஆதாயம். சுட்டெண் இதனைத் தாண்டி எவ்வளவு உயர்ந்தாலும் நிதியத்தின் ஆதாயம் இவ்வளவில் நின்றுவிடும்.
* தளம்: இழப்பு இதற்குக் கீழே செல்லாது என வகுக்கப்படும் எல்லை. தாங்கல் தொடக்க இழப்பை ஏற்கிறது. தளமோ இறுதி இழப்பைத் தடுக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பொதுவாகக் காணப்படும் பிழை ஆகும்.

## வரலாறு

இழப்பைக் குறைத்து ஆதாயத்திற்கு வரம்பிடும் முறை புதியதன்று. வங்கிகள் வெளியிட்ட கட்டமைப்புக் கடன் பத்திரங்களிலும் காப்பீட்டு நிறுவனங்களின் ஆண்டுத்தொகைத் திட்டங்களிலும் இம்முறை முன்னரே கையாளப்பட்டது. அமெரிக்காவில் ஆக்சா ஈக்விட்டபிள் நிறுவனம் 2010-இல் தாங்கலுடன் கூடிய ஆண்டுத்தொகைத் திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தியது.

கட்டமைப்புக் கடன் பத்திரங்களில் ஒரு பெருங்குறை இருந்தது. அவை, வெளியிட்ட வங்கியின் கடன் வாக்குறுதிகள் மட்டுமே ஆகும். 2008 செப்டம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானபோது, முதலுக்குப் பாதுகாப்பு உண்டு எனக் கூறி விற்கப்பட்ட அதன் பத்திரங்களை வைத்திருந்தோரும் கடன் கொடுத்தோர் வரிசையில் நிற்க நேர்ந்தது. பங்குச் சந்தை வீழ்ச்சியிலிருந்து காக்க வந்த பத்திரம், வெளியிட்ட நிறுவனத்தின் வீழ்ச்சியிலிருந்து காக்கவில்லை.

முதலீட்டாளரின் தேவைக்கேற்ப உடன்பாட்டு விலையையும் முதிர்வு நாளையும் அமைத்துக்கொள்ளக்கூடிய ஃபிளெக்ஸ் வகை விருப்ப ஒப்பந்தங்களைச் சிகாகோ விருப்ப ஒப்பந்தச் சந்தை 1993-இல் தொடங்கியது. இவ்வொப்பந்தங்களுக்கு ஒரு தனி வங்கியன்றி, ஒரு பொதுத் தீர்வகம் பொறுப்பேற்கிறது. இவற்றைப் பரிமாற்று வணிக நிதியம் ஒன்றினுள் வைத்தால் தாங்கல் முறையைச் சிறு முதலீட்டாளருக்கும் எளிதில் விற்க இயலும் என்பதே அடுத்த படி ஆயிற்று.

பவர்ஷேர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான புரூசு பாண்டு தலைமையிலான இன்னோவேட்டர் நிறுவனம், 2018 ஆகத்து மாதத்தில் முதல் தாங்கல் பரிமாற்று வணிக நிதியங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவை எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்டவை. ஃபர்ஸ்ட் டிரஸ்ட் நிறுவனம் 2019-இலும், உலகின் மிகப்பெரிய சொத்து மேலாண்மை நிறுவனமான பிளாக்ராக் 2023-இலும் இத்துறையில் நுழைந்தன. 2025 டிசம்பரில் கோல்டுமேன் சாக்சு, இன்னோவேட்டர் நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்க உடன்பட்டிருப்பதாக அறிவித்தது.

## இயங்கும் முறை

விருப்ப ஒப்பந்தங்கள் இரு வகைப்படும். குறித்த நாளில் குறித்த விலைக்கு ஒன்றை வாங்கும் உரிமையைத் தருவது வாங்கல் உரிமை. விற்கும் உரிமையைத் தருவது விற்றல் உரிமை. உரிமையைப் பெறுபவர் அதற்கு ஒரு விலை கொடுக்கிறார். அவ்விலை பிரீமியம் எனப்படும். உரிமையை எழுதிக் கொடுப்பவர் பிரீமியத்தைப் பெற்றுக்கொண்டு, அதற்குரிய கடப்பாட்டை ஏற்கிறார்.

ஒரு சுட்டெண்ணின் இன்றைய மதிப்பு 100 எனக் கொள்வோம். 15% தாங்கல் உள்ள ஒரு நிதியம் பின்வரும் நான்கு ஒப்பந்தங்களால் அமைகிறது.

1. உடன்பாட்டு விலை ஏறத்தாழ சுழியமாக உள்ள வாங்கல் உரிமையை வாங்குதல். இது சுட்டெண்ணையே வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.
2. உடன்பாட்டு விலை 100 உள்ள விற்றல் உரிமையை வாங்குதல். சுட்டெண் 100-க்குக் கீழே இறங்கினால் அவ்விழப்பை இது ஈடு செய்யும்.
3. உடன்பாட்டு விலை 85 உள்ள விற்றல் உரிமையை விற்றல். 85-க்குக் கீழான இறக்கத்தை நிதியம் மீண்டும் தானே ஏற்கிறது. இதனால் இரண்டாவது ஒப்பந்தத்தின் செலவு குறைகிறது.
4. உடன்பாட்டு விலை 112 உள்ள வாங்கல் உரிமையை விற்றல். 112-க்கு மேற்பட்ட ஆதாயம் பிறருக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது.

ஆண்டின் இறுதியில் சுட்டெண் 80-இல் நின்றால், முதல் ஒப்பந்தம் 80 தரும். இரண்டாவது 20 தரும். மூன்றாவதால் 5 இழப்பு நேரும். ஆகவே நிதியத்தின் மதிப்பு 95 ஆகும். சுட்டெண் 130-இல் நின்றால், முதல் ஒப்பந்தம் 130 தரும். நான்காவதால் 18 இழப்பு நேரும். ஆகவே மதிப்பு 112 ஆகும்.

### உச்சவரம்பு கணிக்கப்படும் விதம்

தாங்கலின் அளவை நிதியம் முன்கூட்டியே அறிவிக்கிறது. உச்சவரம்பை அது விருப்பம்போல் வகுப்பதில்லை. விளைவுக் காலம் தொடங்கும் நாளின் சந்தை விலைகளே அதனை முடிவு செய்கின்றன.

மேற்கண்ட எடுத்துக்காட்டில், 100-க்கான விற்றல் உரிமை 6 எனவும், 85-க்கான விற்றல் உரிமையை விற்றுப் பெறுவது 2 எனவும் கொண்டால், தாங்கலின் நிகரச் செலவு 4 ஆகும். முதல் ஒப்பந்தத்தை வைத்திருப்பவருக்கு ஈவுத்தொகை கிடையாது என்பதால் அதன் விலை 100-ஐ விடச் சற்றுக் குறைவாக, 98.7 அளவில் இருக்கும் எனக் கொள்வோம். இதனால் 1.3 மிஞ்சுகிறது. எஞ்சிய 2.7-ஐ நான்காவது ஒப்பந்தத்தை விற்றே ஈட்ட வேண்டும். எந்த உடன்பாட்டு விலையில் வாங்கல் உரிமையை விற்றால் 2.7 கிடைக்குமோ, அதுவே உச்சவரம்பு ஆகிறது.

எனவே, தாங்கலுக்கான செலவு இரு வழிகளில் செலுத்தப்படுகிறது. ஒன்று, கைவிடப்பட்ட ஈவுத்தொகை. மற்றொன்று, கைவிடப்பட்ட பேரேற்றம். தாங்கல் அகன்றதாக இருப்பின் உச்சவரம்பு தாழ்வாகவே அமையும்.

வட்டி வீதம் உயரும்போது வாங்கல் உரிமைகளின் விலை கூடி, விற்றல் உரிமைகளின் விலை குறைகிறது. ஆகையால் ஒரே அளவு தாங்கலுக்கு உயர்ந்த உச்சவரம்பு கிடைக்கும். சந்தையின் ஏற்ற இறக்கம் மிகுதியாக எதிர்பார்க்கப்படும் காலங்களிலும் பொதுவாக உச்சவரம்பு உயர்கிறது.

## விளைவுகள்

15% தாங்கலும் 12% உச்சவரம்பும் உள்ள நிதியத்தை, 60% சுட்டெண் நிதியமும் ஆண்டுக்கு 4% வட்டி தரும் அரசுக் கருவூல உண்டியல்கள் 40%-உம் கொண்ட எளிய கலவையோடு பின்வரும் அட்டவணை ஒப்பிடுகிறது. கட்டணங்களும் ஈவுத்தொகையும் சேர்க்கப்படவில்லை.

| சுட்டெண் | தாங்கல் நிதியம் | எளிய கலவை |
|---|---|---|
| +30% | +12% | +19.6% |
| +12% | +12% | +8.8% |
| +6% | +6% | +5.2% |
| 0% | 0% | +1.6% |
| −10% | 0% | −4.4% |
| −15% | 0% | −7.4% |
| −20% | −5% | −10.4% |
| −40% | −25% | −22.4% |

மிதமான ஏற்றத்திலும் மிதமான இறக்கத்திலும் தாங்கல் நிதியம் முந்துகிறது. பேரேற்றத்தில் அது பின்தங்குகிறது. முதலீட்டாளர் பெரிதும் அஞ்சும் பெருவீழ்ச்சியிலும் அது எளிய கலவையை விடச் சற்றுக் கூடுதலாகவே இழக்கிறது. தாங்கலின் எல்லையைக் கடந்தபின், சுட்டெண்ணின் இறக்கம் குறையாமல் நிதியத்தைச் சேர்வதே இதற்குக் காரணம்.

## காலமும் நிபந்தனையும்

அறிவிக்கப்பட்ட தாங்கலும் உச்சவரம்பும், விளைவுக் காலத்தின் முதல் நாளில் வாங்கி இறுதி நாள் வரை வைத்திருப்பவருக்கே பொருந்தும். இடையில் வாங்குபவருக்கு வேறு கணக்கு உண்டு.

எடுத்துக்காட்டாக, ஆறு மாதம் கழித்துச் சுட்டெண் 110-க்கும் நிதியம் 107-க்கும் உயர்ந்திருப்பதாகக் கொள்வோம். அன்று 107 கொடுத்து வாங்குபவருக்கு 112 வரை, அதாவது ஏறத்தாழ 4.7% மட்டுமே உயர இடமுண்டு. ஆனால் சுட்டெண் 100-க்கு இறங்கி ஆண்டு முடியுமாயின், நிதியமும் 100-க்கு வரும். அவர் ஏறத்தாழ 6.5% இழப்பார். தாங்கல் வேலை செய்யத் தொடங்குவது அதற்கும் கீழேதான்.

இதற்கு மாறாக, சுட்டெண் 90-க்கும் நிதியம் 96-க்கும் இறங்கியிருக்கையில் வாங்குபவருக்கு 16.7% வரை உயர இடமுண்டு. ஆனால் தாங்கலின் பெரும்பகுதி முன்னரே செலவாகிவிட்டது. சுட்டெண் 85-க்குக் கீழே சென்றால் அவருக்குக் காப்பில்லை. இக்காரணத்தால், எஞ்சியுள்ள தாங்கலையும் எஞ்சியுள்ள உச்சவரம்பையும் நிதிய நிறுவனங்கள் நாள்தோறும் வெளியிடுகின்றன.

இடைக்காலத்தில் நிதியத்தின் விலை சுட்டெண்ணோடு ஒத்து நகர்வதில்லை. ஒப்பந்தங்கள் முதிர்வதற்குக் காலம் இருக்கும்வரை, சுட்டெண் தாங்கலின் எல்லைக்குள் இறங்கியிருந்தாலும் நிதியத்தின் விலை ஓரளவு குறைந்தே காணப்படும். 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 34% வீழ்ந்தது. ஆயினும் அவ்வாண்டின் இறுதியில் அது 16.3% உயர்ந்து முடிந்தது. ஓராண்டுத் தாங்கல் என்பது ஆண்டின் இறுதி நிலையைப் பற்றிய வாக்கு மட்டுமே; வழியில் நேரும் அதிர்ச்சியில் மனம் தளர்ந்து விற்பவருக்கு அது பொருந்தாது.

விளைவுக் காலம் முடிந்ததும் நிதியம் கலைக்கப்படுவதில்லை. பழைய ஒப்பந்தங்கள் முதிர்ந்தபின், அதே தாங்கலோடும் புதிய உச்சவரம்போடும் அடுத்த காலம் தொடங்குகிறது. ஆண்டின் எந்தப் பகுதியிலும் முதல் நாளில் வாங்க வசதியாக, ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு தொடர் என நிறுவனங்கள் நிதியங்களை வெளியிடுகின்றன.

## வகைகள்

* மிதமான தாங்கல்: முதல் 9% அல்லது 10% இழப்பைத் தாங்குவது. உச்சவரம்பு ஒப்பீட்டளவில் உயர்ந்திருக்கும்.
* வலுவான தாங்கல்: முதல் 15% இழப்பைத் தாங்குவது.
* ஆழ்ந்த தாங்கல்: முதல் 5% இழப்பை முதலீட்டாளரிடமே விட்டுவிட்டு, அடுத்த 30% இழப்பைத் தாங்குவது. அதாவது −5% முதல் −35% வரை காப்பு உண்டு.
* முழுத் தாங்கல்: விளைவுக் கால இறுதியில் சுட்டெண்ணின் இறக்கம் முழுவதையும், கட்டணம் நீங்கலாக, தாங்குவது. இவ்வகையின் முதல் நிதியத்தை இன்னோவேட்டர் 2023 சூலையில் இரண்டு ஆண்டு விளைவுக் காலத்துடன் வெளியிட்டது. காலமோஸ் நிறுவனம் 2024-இல் ஓராண்டுக்கான முழுத் தாங்கல் நிதியங்களைத் தொடங்கியது.

முழுத் தாங்கல் நிதியங்கள் அக்காலத்தில் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க நடுவண் வங்கியின் வட்டி வீதம் 2022 மார்ச்சு வரை சுழியத்தை ஒட்டியிருந்து, 2023 சூலைக்குள் 5.25–5.50% ஆக உயர்ந்தது. வட்டி மிகக் குறைந்திருந்த காலத்தில் முழுத் தாங்கலுக்கு ஈடாக முதலீட்டாளரை ஈர்க்கும் அளவு உச்சவரம்பை வழங்க இயலவில்லை.

## முந்தைய ஆண்டுகளைக் கொண்ட ஒப்பீடு

எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணின் உண்மையான ஆண்டு மாற்றங்களின் மீது, 15% தாங்கலும் மாறாத 12% உச்சவரம்பும் உள்ள ஒரு கற்பனை நிதியத்தைப் பொருத்திப் பார்த்தால் இம்முறையின் இயல்பு விளங்கும். நடைமுறையில் உச்சவரம்பு ஆண்டுதோறும் மாறும் என்பதையும், கீழ்க்காணும் எண்களில் ஈவுத்தொகையும் கட்டணமும் இல்லை என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

இறங்கு சந்தை, 2000–2002

| ஆண்டு | சுட்டெண் | நிதியம் |
|---|---|---|
| 2000 | −10.1% | 0% |
| 2001 | −13.0% | 0% |
| 2002 | −23.4% | −8.4% |
| 100 டாலர் ஆனது | 59.9 | 91.6 |

ஏறு சந்தை, 2019–2024

| ஆண்டு | சுட்டெண் | நிதியம் |
|---|---|---|
| 2019 | +28.9% | +12% |
| 2020 | +16.3% | +12% |
| 2021 | +26.9% | +12% |
| 2022 | −19.4% | −4.4% |
| 2023 | +24.2% | +12% |
| 2024 | +23.3% | +12% |
| 100 டாலர் ஆனது | 234.6 | 168.4 |

முதல் அட்டவணையில் தாங்கல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால், தொடர் வீழ்ச்சியில் அது மும்முறை பயன்பட்டது. இரண்டாவது அட்டவணையில், ஒரே ஓர் ஆண்டில் 15% இழப்பைத் தவிர்த்ததற்கு ஈடாக, ஐந்து ஆண்டுகளின் கூடுதல் ஏற்றம் கைவிடப்பட்டது. ஈவுத்தொகையையும் கணக்கில் கொண்டால் இந்த இடைவெளி மேலும் விரியும்.

இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்டது 2008-ஆம் ஆண்டு. அவ்வாண்டில் சுட்டெண் 38.5% வீழ்ந்தது; கற்பனை நிதியமும் 23.5% வீழ்ந்திருக்கும். அதன்பின் நான்கு ஆண்டுகள் நிதியம் முன்னிலையில் இருந்து, சுட்டெண் 29.6% உயர்ந்த 2013-இல் பின்தங்கியிருக்கும்.

## விமர்சனங்கள்

தாங்கல் நிதியங்களை ஆதரிப்போர், பங்குச் சந்தையின் பெருவீழ்ச்சிக்கு அஞ்சி முழுவதும் விலகி நிற்போரை இவை சந்தைக்குள் வைத்திருக்க உதவுகின்றன எனக் கூறுகின்றனர். ஓய்வு பெறும் வயதை நெருங்குவோருக்கு இவ்வாதம் பொருந்தக்கூடியது. முதலீட்டிலிருந்து பணம் எடுக்கத் தொடங்கும் ஆண்டிலேயே சந்தை வீழ்ந்தால், பின்னர் வரும் ஏற்றம் குறைந்துபோன முதலின் மீதே நிகழும். இழந்ததை மீட்க அவருக்குக் காலமும் இராது.

எதிர்ப்போர் பின்வரும் குறைகளைச் சுட்டுகின்றனர்.

* கட்டணம்: இன்னோவேட்டரின் அமெரிக்கப் பங்கு நிதியங்களில் ஆண்டுக் கட்டணம் 0.79% ஆக இருந்தது. எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணை மட்டும் பின்பற்றும் பெரிய நிதியங்கள் 0.1%-க்கும் குறைவாகவே பெறுகின்றன. மேலும், அறிவிக்கப்படும் உச்சவரம்பு பொதுவாகக் கட்டணத்திற்கு முந்தையது ஆகும்.
* ஈவுத்தொகை இழப்பு: ஓராண்டில் சிறிதாகத் தோன்றும் இத்தொகை, மறுமுதலீடு செய்யப்பட்டுப் பல்லாண்டு பெருகும்போது பெரிதாகிறது.
* எளிய மாற்று: பங்கு முதலீட்டைக் குறைத்து, எஞ்சியதைக் கருவூல உண்டியல்களில் வைப்பதன் மூலம் குறைந்த செலவில் இழப்பைக் கட்டுப்படுத்தலாம் என்பது ஏகியூஆர் நிறுவனத்தார் முன்வைக்கும் வாதம். அம்முறையில் ஆதாயத்திற்கு உச்சவரம்பு இல்லை.
* நீண்ட காலத்திற்குப் பொருந்தாமை: நீண்ட கால முதலீட்டின் வளர்ச்சியில் பெரும்பங்கு, சந்தை மிகுதியாக உயரும் ஆண்டுகளிலிருந்தே வருகிறது. உச்சவரம்பு வெட்டுவது அவ்வாண்டுகளையே.

## இடர்கள்

தாங்கல் என்பது உறுதிமொழி அன்று; அது நிதியத்தின் இலக்கு மட்டுமே. அமெரிக்காவில் வங்கி வைப்புகளுக்குள்ள அரசுக் காப்பீடு இவற்றுக்கு இல்லை. ஒப்பந்தங்களுக்குப் பொறுப்பேற்கும் தீர்வகம் தவறும் வாய்ப்பு மிகச் சிறியதாயினும், முற்றிலும் இல்லை எனக் கூற இயலாது. சந்தையில் பதற்றம் நிலவும்போது அலகின் விலை அதன் நிகர சொத்து மதிப்பிலிருந்து விலகவும் கூடும்.

இவற்றை வாங்க எண்ணுபவர் விளைவுக் காலம் தொடங்கிய நாள், எஞ்சியுள்ள தாங்கல், கட்டணம் நீங்கிய எஞ்சிய உச்சவரம்பு ஆகிய மூன்றையும் வாங்கும் நாளிலேயே அறிந்துகொள்ளல் வேண்டும். நிதியத்தின் பெயரில் காணப்படும் தாங்கல் அளவு இவற்றுள் எதனையும் தெரிவிப்பதில்லை.

## இவற்றையும் பார்க்கவும்

* பரிமாற்று வணிக நிதியம்
* விருப்ப ஒப்பந்தம்
* பங்குச் சுட்டெண்
* கட்டமைப்புக் கடன் பத்திரம்
* ஈவுத்தொகை